உடும்புப் பிடி: நெப்ராஸ்காக் கொல்லர் ஒருவரும் அவரது குறடும்

கைக்கருவிகளுக்கு வரலாறு எழுதுவோர் நம்மிடையே மிகக் குறைவு. அரசர்களுக்கு வரலாறு இருக்கிறது. போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் இருக்கிறது. அந்தப் போர்களில் பயன்பட்ட துப்பாக்கிகளுக்குக்கூடத் தடித்த நூல்கள் இருக்கின்றன. சுத்தியலும் அரமும் குறடும் மட்டும் மழையையும் வெயிலையும் போல ஆதியிலிருந்தே இருந்துவருவனவாக எண்ணிக்கொள்கிறோம். அவற்றை யார் செய்தார், எந்த ஊரில் செய்தார், அதனால் அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலான கருவிகளைப் பொறுத்தவரை கேட்டாலும் விடை கிடைக்காது. ஆனால் சிலவற்றுக்குப் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெற்றவர் பெயர் ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரியும். அவற்றுள் ஒன்று, எந்த வாகனத் திருத்தகத்திலும் எண்ணெய்க் கறையோடு காணப்படும் 'வைஸ் கிறிப்'.

அழுத்திப் பூட்டினால் கையை எடுத்த பின்னும் பிடியை விடாத குறடு அது. தமிழில் 'பூட்டுக் குறடு' என்று சொல்லலாம். நமது இரும்புக்கடைகளில் அதனை 'வைஸ் கிறிப்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். இலண்டனில் வாழும் வாசகர்கள் அதனை 'மோல் கிறிப்' என்ற பெயரில் அறிந்திருப்பர். இரண்டுமே உண்மையில் வணிகப் பெயர்கள். பொருளின் பெயரை விழுங்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொண்ட பெயர்கள். இந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு இந்தச் செய்தி தேவைப்படும்.

பிடியின் முன்கதை

குறடு கொல்லனின் கையிலிருந்து பிறந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெறுங்கையால் தொட முடியாது என்பதால் கையின் நீட்சியாக அவன் குறட்டைச் செய்துகொண்டான். ஆனால் அந்தக் கருவியில் ஒரு குறை எப்போதும் இருந்தது. பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஒரு கை அதற்கே அடிமை. சுத்தியலை ஓங்குவதற்கு மற்றக் கை மட்டுமே மிஞ்சும். குறட்டைப் பிடித்திருக்கும் கை சோர்ந்தால் வேலையும் நழுவும்.

இந்தக் குறையைத் தீர்க்கக் கொல்லர்கள் பழங்காலத்திலேயே ஓர் உபாயம் கண்டிருந்தனர். குறட்டின் இரண்டு கால்களையும் சேர்த்து ஓர் இரும்பு வளையத்தை மாட்டி அதனைப் பின்பக்கமாக நகர்த்தி இறுக்கிவிடுவார்கள். வளையம் இருக்கும் வரை குறடு பிடித்தபடியே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் ஜூல் பெயான், இங்கிலாந்தில் ஸ்பென்சர் வெல்ஸ் ஆகிய அறுவை மருத்துவர்களின் பெயரால் இன்றும் அழைக்கப்படும் இரத்தக்குழாய்ப் பற்றுக்குறடுகள் வந்தன. அவற்றின் கைப்பிடிகளுக்கு இடையே பற்கள் உள்ள சிறு பூட்டு உண்டு. மருத்துவர் கையை எடுத்தாலும் குழாயின் வாய் அடைபட்டே இருக்கும். இருப்பினும் வளையமும் பற்பூட்டும் கொடுத்த அழுத்தத்தைக் காத்துவைக்குமேயன்றி அதனைப் பெருக்கித் தருவதில்லை.

அழுத்தத்தைப் பெருக்கித் தரும் சூட்சுமம் வேறோரிடத்தில், அதுவும் எங்கள் தொழிலின் தாய்வீட்டில், முன்னரே வேலை செய்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தாலான பழைய அச்சு இயந்திரங்கள் இரும்புக்கு மாறின. அம்மரப் பொறிகளில் பெரிய திருகொன்றைச் சுழற்றித்தான் தாளை எழுத்தின்மீது அழுத்த வேண்டும். 1821இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சாமுவெல் ரஸ்ட் உரிமம் பெற்ற 'வோஷிங்டன்' கையச்சுப் பொறியும் ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் ரிச்சர்ட் கோப் உருவாக்கிய 'அல்பியன்' பொறியும் அந்தத் திருகை அகற்றிவிட்டு, முழங்கால் போன்ற ஒரு மூட்டை வைத்தன. மடங்கியிருக்கும் மூட்டைக் கைப்பிடியால் இழுத்து நிமிர்த்தினால், அது நிமிரும் கடைசிக் கணத்தில் பேரழுத்தம் பிறக்கும். வில்லியம் மொரிஸ் 1891இல் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்தைத் தொடங்கியபோது நாடியதும் அல்பியன் பொறியைத்தான்.

அதே முழங்கால் மூட்டைக் கொண்டு அமெரிக்காவில் இலை விற்னி பிளேக் 1858இல் கருங்கல்லை நொறுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். கம்பி வளையத்தைக் கீழே தள்ளினால் 'டக்' என்று மூடிக்கொள்ளும் பழைய சோடாப் போத்தல் மூடியும் தகரப் பெட்டியின் கொளுக்கிப் பூட்டும் அந்த மூட்டின் உறவினர்களே. ஆகவே இந்தத் தத்துவம் புதிதன்று. அதனை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குறட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு ஒரு திருகாணியையும் சேர்த்ததே புதிது. அதனைச் செய்தவர் ஒரு கிராமத்துக் கொல்லர்.

டி விட் என்னும் ஊர்

அமெரிக்காவின் நடுவயிற்றில் உள்ளது நெப்ராஸ்கா மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் கோதுமையும் விளையும் சமவெளி. அதன் தென்கிழக்கே சலைன் மாவட்டத்தில் டி விட் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 572 பேர். நமது நாட்டில் ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குக்கூட இதைவிட அதிக மக்கள் இருப்பர்.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த வில்லியம் பீற்றர்சன் இந்த ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். உழுகருவிகளையும் வண்டிகளையும் திருத்துவது அவரது பிழைப்பு. மோட்டார் வாகனமும் உழவு இயந்திரமும் கிராமங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. குதிரை இலாடத்தோடு நின்றிருந்த கொல்லர்களிடம் கறள் பிடித்த போல்ட்டுகளும் தலை தேய்ந்த நட்டுகளும் வந்து சேரத் தொடங்கின. பொருளைப் பிடித்துக்கொள்ள மேசையில் பூட்டிய வைஸ் உண்டு. ஆனால் வயலில் நிற்கும் இயந்திரத்தை மேசைக்குக் கொண்டுவர முடியுமா? மேசையைத்தான் வயலுக்குக் கொண்டுபோக முடியுமா? கையில் எடுத்துச்செல்லக்கூடிய ஒரு வைஸ் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் இந்த இடத்திலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். அவர் வைத்த பெயரே அதற்குச் சான்று. 'வைஸ் கிறிப்' என்பதன் பொருள் வைஸின் பிடி.

1921இல் முதல் உரிமத்தைப் பெற்றார். திருகாணியால் வாயின் அகலத்தைச் சரிசெய்யும் அந்த முதற்குறட்டில் பூட்டும் வசதி இருக்கவில்லை. அதற்கான உரிமம் 1924இல் கிடைத்தது. இன்று உலகெங்கும் புழங்கும் பூட்டுக் குறடுகள் அனைத்தும் அந்த 1924ஆம் ஆண்டு வடிவத்தின் வழித்தோன்றல்களே.

கண்டுபிடித்தது பாதி, விற்பது மறுபாதி. தமது மோட்டார் வாகனத்தின் பின்பெட்டியில் குறடுகளை அடுக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடமும் திருத்துநர்களிடமும் நேரில் சென்று விற்றார். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து பெருமந்தம் அமெரிக்காவைப் பிடித்தது. புதிய இயந்திரம் வாங்க வழியற்றவர்கள் பழையதைத் திருத்தியே காலம் தள்ள வேண்டியிருந்த அந்த நாட்களில் ஒரு திருத்தக் கருவிக்கு வாழ்வு இருந்தது. 1934இல் பீற்றர்சன் குடும்பம் முறையான நிறுவனத்தை அமைத்தது. 1938இல் டி விட்டில் முதலாவது தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் அங்கு வேலைசெய்தவர்கள் 37 பேர்.

நிமிர்ந்த முழங்கால்

இந்தக் குறடு எவ்வாறு பூட்டிக்கொள்கிறது என்பதை அறிய மனிதக் காலைப் பார்த்தால் போதும். காலை நேராக நீட்டி நின்றால் நெடுநேரம் நிற்கலாம். உடலின் பாரத்தை எலும்பு தாங்குகிறது. முழங்காலைச் சற்று மடக்கி நின்று பாருங்கள். சில நிமிடங்களில் தொடை நடுங்கும்; இப்போது பாரத்தைத் தாங்குவது தசை.

பூட்டுக் குறட்டின் மேற்கைப்பிடியும் மேல்வாயும் அசையாத ஒரே உடல். கீழ்வாய் அந்த உடலோடு ஓர் ஆணியால் மூட்டப்பட்டிருக்கிறது. கீழ்க்கைப்பிடியின் முன்முனை கீழ்வாயோடு மூட்டப்பட்டிருக்கிறது. கீழ்க்கைப்பிடியின் இடைப்பகுதியிலிருந்து ஒரு சிறிய இணைப்புத் தண்டு புறப்பட்டு, மேற்கைப்பிடியின் உள்ளே இருக்கும் திருகாணியின் முனையில் போய் முட்டுகிறது. கைப்பிடிகளை நெருக்கும்போது கீழ்வாயின் மூட்டு, தண்டின் மூட்டு, திருகாணியின் முனை ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டை நோக்கி வருகின்றன. நேர்கோட்டை நெருங்க நெருங்க, கை கொடுக்கும் சிறிய விசை வாயில் பல மடங்காகப் பெருகுகிறது. நடுப்புள்ளி நேர்கோட்டைச் சற்றே தாண்டியதும் 'கிளிக்' என்ற ஓசை. இனி வாயில் பிடிபட்ட பொருள் எவ்வளவு எதிர்த்துத் தள்ளினாலும் அந்தத் தள்ளல் மூட்டை மேலும் மூடவே செய்யும். எதிர்ப்பே பூட்டாகிவிடுகிறது. உடும்பை வால்பக்கம் இழுக்க இழுக்க அதன் பிடி இறுகும் என்று நம்மூரில் சொல்வார்களே, அதுபோன்றது இது.

திருகாணியின் வேலை நுட்பமானது. மூன்று புள்ளிகளில் ஒன்றை அது முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இதனால் வாய் எந்த அகலத்தில் பூட்ட வேண்டும், எவ்வளவு இறுக்கத்தில் பூட்ட வேண்டும் என்ற இரண்டையும் ஒரே திருகாணி தீர்மானித்துவிடுகிறது. பூட்டை விடுவிப்பதற்குக் கீழ்க்கைப்பிடியின் உட்புறத்தில் சிறிய நெம்புதண்டு உண்டு. அது மூட்டை நேர்கோட்டுக்கு மறுபக்கம் தள்ளிவிடும். எளிதில் விடுவிக்கும் இந்த நெம்புதண்டு 1957இல் சேர்க்கப்பட்டது.

போரும் கப்பல்களும்

இரண்டாம் உலகப் போர் டி விட்டின் குறட்டைக் கடல்களுக்குக் கொண்டுசென்றது. 1941 முதல் 1945 வரை அமெரிக்கக் கப்பல் தளங்கள் 2,710 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டி முடித்தன. முன்னைய கப்பல்களின் தகடுகளை ஆணியறைந்து பொருத்துவார்கள். லிபர்ட்டிக் கப்பல்களிலோ பெரும்பாலும் வெல்டிங். 1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் 'ரொபர்ட் ஈ. பியரி' என்ற கப்பலை ஐந்து நாட்களுக்கும் குறைந்த காலத்தில் கட்டி நீரில் இறக்கினர்.

வெல்டிங் செய்வதற்கு முன் இரண்டு தகடுகளைச் சேர்த்து அசையாமல் பிடித்தாக வேண்டும். ஒருவர் பிடிக்க மற்றவர் ஒட்டுவதென்றால் இரண்டு ஆட்கள் வேண்டும். பூட்டுக் குறடு அந்த இரண்டாவது ஆளின் வேலையைச் செய்தது. ஆள் பற்றாக்குறை மிகுந்த போர்க்காலத்தில் அது சிறிய உதவியன்று. அவசரத்தில் கழற்றுவதற்கு நேரமின்றி, குறடுகளையும் சேர்த்தே கப்பலின் உடலோடு ஒட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதை மிகைப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். ஆனால் அப்படியொரு கதை பிறக்குமளவுக்கு அவசரம் இருந்தது என்பது உண்மை.

அமெரிக்கச் சட்டப்படி அக்காலத்தில் ஓர் உரிமத்தின் ஆயுள் 17 ஆண்டுகள். எனவே 1924ஆம் ஆண்டின் உரிமம் 1941இல் முடிவுற்றது. அதன்பின் அந்தச் சூட்சுமம் உலகின் பொதுச்சொத்து. 1950களில் பிரித்தானியாவில் மோல் நிறுவனம் தனது குறட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து அந்த நாட்டில் தன் பெயரையே பொதுப்பெயராக்கிக்கொண்டது. பின்னாளில் தாய்வானும் சீனாவும் செய்தன. பீற்றர்சன் குடும்பத்திடம் எஞ்சியது பெயரும் தரமும் டி விட்டின் கைகளும் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் மேலும் பல பத்தாண்டுகள் முன்னணியில் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வெல்டிங் வேலைக்கும் தகட்டு வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரிய தனித்தனி வாய்களோடு அந்தக் குடும்பம் பெருகியது. வில்லியம் பீற்றர்சன் 1962இல் காலமானார்.

வாங்குவதும் பயன்படுத்துவதும்

வரலாற்றுக்கு நடுவே சற்று நின்று, நடைமுறையையும் பேசிவிடலாம். இந்தக் கருவியை நம்மவர்கள் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள், வாயைப் பார்ப்பதில்லை. வாயே இதன் உயிர்.

வளைந்த வாய் உடையது பொதுவேலைக்கு உகந்தது. உருண்டையான குழாயையும் ஆறு முக நட்டையும் அது பல இடங்களில் தொட்டுப் பிடிக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 10 அங்குலத்தில் வளைந்த வாய் வாங்கலாம். மோட்டார் சைக்கிளும் சிறு இயந்திரங்களும் திருத்துவோருக்கு 7 அங்குலமும், இடுக்கான இடங்களுக்கு 5 அங்குலமும் கைகொடுக்கும். தட்டையான பொருட்களுக்கு நேர்வாய். எட்டாத இடத்துக்கு நீண்ட மூக்கு. வெல்டிங் செய்வோருக்கு ஆங்கில 'சீ' எழுத்துப்போல அகன்று வளைந்த பிடி. ரிங்கரிங் வேலை செய்வோருக்குத் தகட்டைக் காயப்படுத்தாமல் மடிக்கும் அகன்ற தட்டை வாய். சங்கிலி பொருத்திய வகை பருமனான குழாய்களைச் சுற்றிப் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டி திருத்துவோர் செப்புக் குழாயை நசுக்கி வாயு வெளியேறாது அடைப்பதற்கென்றே ஒரு வகையை வைத்திருக்கிறார்கள்.

கடையில் சோதிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தல். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றுக்கொன்று நேராக அமர வேண்டும். ஒருபக்கம் விலகி நிற்பது நாளை நழுவும். இரண்டாவது, வாயைப் பக்கவாட்டில் அசைத்தல். மூட்டாணிகள் ஆட்டம் கொடுத்தால் எத்தனை இறுக்கினாலும் பயனில்லை. மூன்றாவது, திருகாணியை முழுதும் சுற்றிப் பார்த்தல். மரை கரகரக்காமல் விரலாலேயே சுழல வேண்டும். நான்காவது, இறுகப் பூட்டிவிட்டு விடுவித்தல். விடுவிப்பதற்குக் கல்லோ சுத்தியலோ தேவைப்படுமானால் அதனைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். முலாம் எவ்வளவு பளபளக்கிறது என்பது தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பயன்படுத்தும் முறையும் எளிதே. கைப்பிடிகளை மூடிய நிலையில் வாய் பொருளைத் தொடும்வரை திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். பிறகு திறந்து, திருகாணியைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ மேலும் இறுக்கிப் பூட்ட வேண்டும். உள்ளங்கைக்கு நல்ல எதிர்ப்புத் தெரிந்தபின் 'கிளிக்' கேட்டால் அது சரியான பிடி. எதிர்ப்பே இன்றி மூடினால் பிடி இல்லை. இரண்டு கைகளாலும் தொங்கியும் மூட முடியாவிட்டால் திருகாணி அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது. வற்புறுத்தினால் குழாய் நசுங்கும், அல்லது குறடு வளையும்.

தலை தேய்ந்து ஸ்பனர் பிடிக்காத போல்ட்டைக் கழற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. முதலில் கறள் நெகிழ்த்தும் எண்ணெயிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு வாயை இயன்றவரை ஆழமாகச் செலுத்திப் பூட்டி, ஒரேயடியாக இழுக்காமல் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். போல்ட் முறிந்து மேற்பரப்புக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே முறைதான்.

செய்யக்கூடாதவையும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் நட்டில் இதனைப் போடக்கூடாது. இதன் பற்கள் நட்டின் முனைகளைத் தின்றுவிடும். இன்றைய சோம்பல் நாளைய தேய்ந்த தலையாக வந்து நிற்கும். உலோகக் கைப்பிடி என்பதால் மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. பிரேக் எண்ணெய் செல்லும் றப்பர்க் குழாயை இதனால் நசுக்கி அடைப்பது பல இடங்களில் காணப்படும் கெட்ட பழக்கம். வெளியே தெரியாமல் குழாயின் உட்சுவர் கிழிந்துபோகலாம். அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். விடுவிக்கும்போது கைப்பிடி வேகமாகத் திறந்துகொள்ளும் என்பதால் விரல்களும் முகமும் விலகியே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூட்டுகளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பூட்டாத நிலையில் வைத்தால் இது பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

திருத்திப் பயன்படுத்துவது நம்மவர்க்குப் புதிதன்று. 1990களின் முற்பாதியில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். புதிய உதிரிப்பாகம் என்பதே இல்லாத இடத்தில், தேய்ந்த போல்ட்டை உடைக்காமல் கழற்றி மீண்டும் பூட்டத் தெரிந்தவரே பெரிய பொறியியலாளர். பெருமந்த காலத்து நெப்ராஸ்கா விவசாயியின் நிலைமை நமக்கு விளங்காத ஒன்றல்ல.

பெயர் எங்கே, ஊர் எங்கே

இனிச் சொல்லப்போவது இந்த வரலாற்றின் துயரமான பகுதி. பீற்றர்சன் குடும்ப நிறுவனம் 1985இல் 'அமெரிக்கன் டூல்' என்று பெயர் மாற்றம் பெற்றது. பிறகு 'இர்வின்' என்ற பழம்பெயர் பெற்ற கருவி நிறுவனத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2002இல் நியூவெல் றப்பர்மெய்ட் என்ற பெரிய நிறுவனம் அனைத்தையும் வாங்கியது. நெப்ராஸ்காவின் சிற்றூரில் இயங்கிய தொழிற்சாலையின் தலைவிதி, அந்த ஊரைக் கண்ணால் கண்டிராதவர்களின் கணக்குப் புத்தகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

2008 ஒக்டோபர் 31ஆம் திகதி டி விட் தொழிற்சாலை மூடப்பட்டது. உற்பத்தி சீனாவுக்கு மாறியது. ஏறத்தாழ 330 பேர் வேலை இழந்தனர். அறுநூறு பேர்கூட இல்லாத ஊரில் முந்நூற்று முப்பது வேலைகள்! அயலூர்களிலிருந்து வந்து வேலைசெய்தவர்களும் அந்தக் கணக்கில் அடங்குவர் என்றாலும், ஓர் ஊரின் முதுகெலும்பு ஒரே நாளில் உருவப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து ஆறு வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. உலகப் பத்திரிகைகள் நியூயோர்க்கின் வங்கிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தன. டி விட் அவற்றின் உட்பக்கங்களில் ஒரு சிறு செய்தி.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் ஓய்ந்தபோது அதனை அண்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு டி விட்டின் அமைதி புரியும். அங்கே போர் மூடியது. இங்கே கணக்கு மூடியது. சங்கு ஊதுவது நின்றபின் ஊரில் பரவும் அமைதி இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

இதனை ஒருதலைப்பட்சமாகப் பார்ப்பதும் நியாயமன்று. டி விட்டில் இழந்த வேலை வேறொரு தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியக் காரணமாயிற்று. மலிவான குறடு வந்ததனால்தான் நமது ஊர்களில் சிறு திருத்தகம் வைத்திருக்கும் இளைஞன் நான்கு வகைக் குறடுகளைச் சொந்தமாக வைத்திருக்க முடிகிறது. ஆசியாவில் செய்யப்படுவதெல்லாம் மட்டம் என்பதும் பழைய காலத்து இறுமாப்பு. நல்ல எஃகும் நல்ல மேற்பார்வையும் எங்கு இருந்தாலும் நல்ல குறடு பிறக்கும். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பீற்றர்சன் விட்டுச்சென்ற சொத்து எது? அதனை விற்கும் உரிமை யாருக்கு இருந்தது?

அவர் விட்டுச்சென்றவை மூன்று. முதலாவது அந்தச் சூட்சுமம். அதனைச் சட்டம் 17 ஆண்டுகள் காத்துவிட்டு உலகத்துக்குக் கொடுத்தது. அது நியாயமே. இரண்டாவது பெயர். வணிகப் பெயருக்குச் சட்டத்தில் மரணம் இல்லை. புதுப்பித்துக்கொண்டேயிருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். மூன்றாவது டி விட் மக்களின் கைப்பழக்கம். எந்தச் சூட்டில் எந்த எஃகை எடுப்பது, எந்த ஆணியை எவ்வளவு இறுக்கி அடிப்பது என்று தந்தையும் மகனும் தாயும் மகளும் எழுபது ஆண்டுகளாகச் சேர்த்த அறிவு. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பெயருக்கு மதிப்பைக் கொடுத்தது அந்தக் கைப்பழக்கம். விற்பனை நடந்தபோதோ பெயருக்கு மட்டுமே விலை கிடைத்தது.

பின்னர் நடந்தவை இதனை மெய்ப்பித்தன. 2017இல் 'இர்வின்' உள்ளிட்ட கருவி வணிகம் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மல்கோ என்ற நிறுவனம், டி விட்டில் வெறுமையாகக் கிடந்த தொழிற்சாலைக் கட்டடத்தை வாங்கிற்று. அமெரிக்காவிலேயே மீண்டும் பூட்டுக் குறடு செய்வது அதன் நோக்கம். ஊர் கிடைத்தது, கட்டடம் கிடைத்தது, சூட்சுமம் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடியது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது வேறொருவரின் சொத்து. பிறந்த வீட்டிலேயே பிறந்த பெயரைச் சூட்ட முடியாமல் 'ஈகிள் கிறிப்' என்ற புதுப்பெயரோடு குறடுகள் வெளிவந்தன. அவற்றின் விலை இறக்குமதிக் குறடுகளின் விலையைவிட மிக அதிகம். தரத்தைப் பாராட்டியவர்கள் பலர். பணம் கொடுத்து வாங்கியவர்கள் போதவில்லை. 2022இல் மல்கோ அந்த முயற்சியைக் கைவிட்டது.

ஆக, ஒரே கருவியின் பெயர் ஒரு நாட்டிலும் ஊர் இன்னொரு நாட்டிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. நாம் அன்றாடம் தொடும் எத்தனையோ பொருட்களின் கதை இதுவே. மக்கள் ஒரு பெயரை நம்பக் கற்றுக்கொள்வதற்கு அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த நம்பிக்கையை உருவாக்கிய கைகளைப் பெயரிலிருந்து பிரிப்பதற்கு ஒரு கையொப்பம் போதுமாயிருக்கிறது. பிரிந்த பின்னும் பெயர் நெடுங்காலம் பழைய மரியாதையில் வாழ்கிறது. கைகள் வேறு வேலை தேடிப் போய்விடுகின்றன.

வாசகர்களில் எவரேனும் அடுத்த முறை இரும்புக்கடைக்குச் செல்லும்போது, கைப்பிடியில் பொறித்திருக்கும் பெயரைப் படிப்பதற்கு முன், குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பற்கள் நேராக அமர்ந்திருந்தால், எந்த ஊரிலாயினும் யாரோ ஒருவர் தமது வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்.